வாயில்லா ஜீவனின் உடைந்த தாடை

தெருவோரத்தில் ஒரு நாய் நின்றுகொண்டிருக்கிறது. அதன் கீழ்த்தாடை தொங்கிக் கிடக்கிறது. வாயை மூட அதனால் இயலவில்லை. எச்சில் நூல் நூலாக வடிகிறது. அதில் இரத்தமும் கலந்திருக்கிறது. பார்ப்பவர்களில் ஒருவர், "தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது" என்பார். இன்னொருவர், "ஏதோ வண்டி அடித்துவிட்டது" என்பார். மூன்றாமவர், "வெறி பிடித்துவிட்டது" என்று கூறிக் கல்லைத் தேடுவார். மூவர் கூறுவதும் நடக்கக்கூடியதே. ஆனால், இம்மூன்றில் எது என்று அறியுமுன் அந்த வாய்க்குள் கைவிடுவது நம் உயிருக்கே ஆபத்தாக முடியும். எனவே, நாய்களின் தாடை முறிவையும் அதனைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையையும் பற்றிய இக்கட்டுரையை அந்த எச்சரிக்கையோடு தொடங்குவதே முறை.

வெறிநோய் இருவகையாக வெளிப்படும். கண்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் வகையை யாவரும் அறிவர். மற்றொரு வகை ஓசையின்றி வருவது. அதில் நாய் சீறாது, துரத்தாது. ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடையை மூடும் தசைகளும் விழுங்கும் தசைகளும் வாதம் கண்டு செயலிழப்பதால் வாய் திறந்தபடியே இருக்கும், எச்சில் வடியும். வளர்த்தவர் இரக்கப்பட்டு, சிக்கிய எலும்பை எடுப்பதாக எண்ணி உள்ளே விரலை விடுகிறார். விரலில் முள் கீறிய சிறு காயம் இருந்தால் போதும், எச்சிலிலுள்ள கிருமி உடலுக்குள் நுழைந்துவிடும். மனிதரிடத்தில் அறிகுறிகள் தோன்றிய பின் இந்நோயிலிருந்து மீண்டவர் அரிதினும் அரிது. ஆகவே, இத்தகைய நாயின் எச்சில் காயத்தில் பட்டுவிட்டால், அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவுவது நம் இல்லங்களில் அறிந்த விஷயம். அது தூய்மையின் சட்டம். இது உயிர்காக்கும் அவசரம். ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றொன்று தீர்ந்துவிட்டதாக எண்ணிவிடலாகாது.

தாடை எலும்பு முறிந்த நாயிடம் வேறு அடையாளங்கள் இருக்கும். முகம் ஒரு பக்கமாக வீங்கியிருக்கும். பல்வரிசை ஓரிடத்தில் படிக்கட்டுபோல் இறங்கி நிற்கும். தாடை நேராகத் தொங்காமல் ஒருபுறம் சாய்ந்திருக்கும். ஈறு கிழிந்து இரத்தம் கசியும். எனினும், இவற்றைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவரே. தாடை நரம்பின் அழற்சியால் வாய் தொங்கிப் பின் சில வாரங்களில் தானாகவே சரியாகும் நாய்களும் உண்டு. எலும்பு முறியாமல், தாடையின் மூட்டு மட்டும் நழுவி வாய் மூட முடியாமற்போவதும் உண்டு. மூட்டு நழுவியதைச் சரிசெய்யும் முறை வியப்புக்குரியது. மயக்க மருந்து கொடுத்து, கடைவாய்ப் பற்களுக்கிடையே ஒரு மரப்பென்சிலைக் குறுக்கே வைத்து, வாயின் முன்புறத்தை மெல்ல மூடுகிறார்கள். பென்சில் நெம்புகோலாக நின்று, நழுவிய மூட்டைத் தன் குழிக்குள் திரும்பத் தள்ளிவிடுகிறது.

நாயின் தாடைக்கு அறுவைச் சிகிச்சையா என்று நகைப்போர் நம்மிடையே இருக்கக்கூடும். வேட்டைக்கும், காவலுக்கும், ஆட்டு மந்தைக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு என்பதை அவர்கள் அறிந்தவர்களே. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் நீர் முகந்து, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறிவந்து புகட்டிய மனிதரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததும் அவர்கள் செவியேற்றதுதான். அந்த நாய் எவருடைய வளர்ப்பு நாயுமன்று என்பதை மட்டும் இங்கே நினைவூட்டி, விஷயத்துக்கு வருவோம்.

எதனால் முறிகிறது?

வாகன விபத்தும் நாய்ச் சண்டையும்தான் பெரும் காரணங்கள். பெரிய நாய் சிறிய நாயின் முகத்தைக் கவ்வி உலுக்கினால் தாடை முறிந்துவிடும். உயரத்திலிருந்து விழுதல், மாடு அல்லது குதிரையின் உதை ஆகியவை அடுத்த நிலையில் வரும். மனிதர் உதைப்பதும் எறிவதும் இப்பட்டியலில் இருக்கின்றன என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. நாய்க்குட்டியின் தாடை மெல்லியது. பள்ளி விட்டு வரும் சிறுவன் விளையாட்டாக எறியும் ஒரு கல் அதனை முறிக்கப் போதுமானது.

அடியே படாமல் தாடை முறிவதும் உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையலாம். சிற்றின நாய்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. நம் ஊர்களில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் சடை நாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடல் சிறுத்திருக்கிறதே தவிர, பற்கள் அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்தான் அத்தாடையிலேயே பெரியது. சிறிய நாய்களில் அதன் வேர் எலும்பின் கீழ் விளிம்புவரை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. ஈறு நோய் கண்டு, வேரைச் சுற்றியுள்ள எலும்பு ஆண்டுக்கணக்கில் அரிக்கப்பட்டுவிட்டால், அங்கே மிஞ்சியிருப்பது மெல்லிய தகடு மட்டுமே. பிறகு கட்டிலிலிருந்து குதித்தாலும் முறியும். கெட்டியான பிஸ்கட்டைக் கடித்தாலும் முறியும். அந்தப் பல்லைப் பிடுங்கும்போது மருத்துவரின் கையிலேயே முறிவதும் உண்டு. இதனை மருத்துவரின் கவனக்குறைவு என்று உடனே பழி சொல்வது எப்போதும் நியாயமாகாது. வயது முதிர்ந்த சிறு நாயின் வாய் துர்நாற்றம் வீசுகிறதென்றால், அந்தத் தாடையின் அடிவாரம் கரைந்துகொண்டிருக்கிறதென்று பொருள்கொள்ளலாம்.

கடியே கணக்கு

கால் எலும்பு முறிந்தால், முறிந்த இரு முனைகளும் நேராகச் சேர்கின்றனவா என்பதே மருத்துவரின் முதல் கவலை. தாடையில் அப்படியன்று. மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் முன்போலவே பொருந்துகின்றனவா என்பதுதான் இங்கே முதற்கேள்வி. எக்ஸ்ரே படத்தில் எலும்பு அழகாகச் சேர்ந்து, பற்கள் மட்டும் சற்றே விலகி நின்றால் அந்தச் சிகிச்சை தோல்வியே. எலும்பின் சேர்க்கை சிறிது பிசகியிருந்தாலும், பற்கள் ஒழுங்காகப் பொருந்தினால் நாய் தின்னும், வாழும்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள நாயின் வாயைச் சிறிது ஆராய வேண்டும். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள்: மேலே 20, கீழே 22. மனிதனும் மாடும் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கின்றனர். நாயின் தாடையோ கதவின் கீல்போல மேலும் கீழும் மட்டுமே செல்லக்கூடியது. கீழ்க் கோரைப்பல் வாய் மூடும்போது மேல்வரிசையின் கடைசி வெட்டுப்பல்லுக்கும் மேல் கோரைப்பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் போய் அமர்கிறது. கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. இவ்வளவு இறுக்கமான பொருத்தத்தில் ஒரு பல் ஒரு மில்லிமீட்டர் விலகினால் என்னவாகும்? கதவின் கீலருகே சிறு கல்லொன்று சிக்கினால், கதவின் மறுமுனை ஒரு சாண் திறந்தே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோலத்தான் கடைவாயில் ஒரு பல் முந்தி முட்டிக்கொண்டால் முன்வாய் மூடாது. மூடாத வாயால் நாய் கவ்வ முடியாது. பிசகி வளர்ந்த கோரைப்பல் மேலண்ணத்தைக் குத்திப் புண்ணாக்கவும் கூடும்.

கீழ்த்தாடை பார்வைக்கு ஒரே எலும்பாகத் தோன்றினாலும், வலம் இடம் என இரண்டு எலும்புகள் மோவாயில் இணைந்து அமைந்ததே அது. மனிதக் குழந்தையின் தாடையில் இவ்விணைப்பு முதலாண்டிலேயே ஒன்றாகிவிடுகிறது. நாயில் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நாரிணைப்பாகவே இருந்துவிடும். எனவே முகத்தில் அடிபடும்போது எலும்பு உடையாமல் இந்த இணைப்பு மட்டும் பிளந்துகொள்வதும் உண்டு. ஒவ்வொரு எலும்பின் உள்ளேயும் நீளவாக்கில் ஒரு குழல் ஓடுகிறது. பற்களுக்குச் செல்லும் நரம்பும் இரத்தக் குழாய்களும் அதன் வழியே செல்கின்றன. குழலுக்கு மேலே எலும்பின் பெரும்பகுதியைப் பல்வேர்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஆக, அறுவை மருத்துவர் திருகாணி செலுத்துவதற்கு எஞ்சும் இடம் மிகக் குறைவு.

முற்காலத்தில் இந்த உண்மைக்கு உரிய இடம் தரப்படவில்லை. கால் எலும்பின் மச்சைக் குழிக்குள் உருக்கு ஊசியைச் செலுத்தி முறிவை நிறுத்துவதுபோல, தாடைக் குழலுக்குள்ளும் ஊசியைச் செலுத்தி வந்தார்கள். ஊசி நரம்பையும் இரத்தக் குழாயையும் சிதைத்தது. நேரான ஊசியால் வளைந்த தாடையும் நிமிர்ந்துபோயிற்று. அதனால் பல்லின் பொருத்தம் கெட்டது. இன்று அம்முறை வேண்டாமென்றே நூல்கள் விலக்குகின்றன.

குழாய் எவ்வழியே?

விபத்தில் அடிபட்ட நாயைக் கொண்டுவந்தவுடன் தாடையைச் சரிசெய்யத் தொடங்குவதில்லை. கோரமாகத் தெரிவது தாடைதான். உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் மற்றவை. மூச்சு தடையின்றிச் செல்கிறதா, நெஞ்சுக்குள் நுரையீரல் நசுங்கியிருக்கிறதா, வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா, மூளையில் அடி உண்டா என்பவற்றையே முதலில் பார்க்கிறார்கள். நாயின் நிலை தேறும்வரை ஓரிரு நாட்கள் தாடை காத்திருக்கலாம். அதுவரை வலிநீக்கி மருந்தும், நரம்பின் வழியே நீரும் கொடுக்கப்படும். "இத்தனை இரத்தம் வடிகிறது, இன்னும் ஒன்றும் செய்யவில்லையே" என்று வீட்டார் மருத்துவரிடம் கோபித்துக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான்.

மயக்கம் கொடுத்தபின் ஒரு சிக்கல் எழுகிறது. மயக்க வாயு செல்லும் குழாயை வழக்கமாக வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் செலுத்துவார்கள். தாடைச் சிகிச்சையில் பற்கள் பொருந்துகின்றனவா என்று அடிக்கடி வாயை மூடிப் பார்த்தாக வேண்டும். நடுவே குழாய் இருந்தால் வாயை எவ்வாறு மூடுவது? குழாயை எடுத்துவிட்டால் மூச்சும் மயக்கமும் என்னாவது? இதற்கு அவர்கள் கண்ட வழி: தாடைக்குப் பின்னே, கழுத்தின் மேற்புறத்தில் பக்கவாட்டில் சிறு துளையிட்டு, குழாயின் வெளிமுனையை அதன் வழியே வெளியே எடுத்துவிடுகிறார்கள். மூச்சு அத்துளை வழியே நடக்கும். வாய் முழுவதும் மருத்துவருக்குக் கிடைத்துவிடும். பணி முடிந்ததும் குழாயை எடுத்துவிட்டால், துளை சில நாட்களில் தானாகவே மூடிக்கொள்ளும். தாடைச் சிகிச்சை செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த முறையில் மயக்கம் கொடுக்கும் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பற்களையும் வேர்களையும் தனித்தனியே காட்டும் பல் எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் இருந்தால் இன்னும் நன்று. இவை சிறிய மருந்தகங்களில் இருப்பதில்லை. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற போதனா மருத்துவமனைகளை நாடுவதற்கு இதுவே காரணம்.

கம்பியும் தகடும்

எல்லா முறிவுக்கும் கத்தி தேவைப்படுவதில்லை. தாடையின் பின்பகுதி தடித்த தசைகளுக்குள் பொதிந்திருப்பதால், அங்கே முறிந்தால் பெரும்பாலும் தசைகளே கட்டாக நின்று தாங்கிக்கொள்கின்றன. மேல்தாடையில் எலும்பு விலகாத விரிசல்களும் மென்மையான உணவு கொடுத்துவந்தால் ஆறிவிடும். குட்டிகளின் எலும்பு மூன்று நான்கு வாரங்களில் கூடிவிடுவதால், அவற்றுக்கு ஒட்டுப்பட்டையால் மூக்கைச் சுற்றி ஒரு வளையம் கட்டி விடுவதே பல வேளைகளில் போதும். நாக்கை நீட்டிக் கஞ்சியை நக்குமளவு வாய் சற்றே திறந்திருக்கும்படி அது கட்டப்பட வேண்டும். ஆனால், நாய்க்கு உடல் வெப்பத்தைத் தணிக்கும் முக்கிய வழி வாயைத் திறந்து இரைப்பதுதான். சித்திரை வெயிலில் வாய் கட்டப்பட்ட நாயைக் கூரைத் தகட்டின் கீழே கட்டிப்போட்டால் அது தாடையால் சாகாது, வெப்பத்தால் சாகும். வாந்தியெடுக்கும் நாய்க்கும், மூக்குச் சப்பையான இனங்களுக்கும் இக்கட்டு ஆகாது.

கத்தி எடுக்க வேண்டிய முறிவுகளில் மருத்துவர் முதலில் சிந்திப்பது, பிளவு எந்தப் பக்கம் வாய்திறக்கும் என்பதை. வீடு கட்டுவோர் ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு போடும்போது இரும்புக் கம்பியை அதன் அடிப்பாகத்தில் வைப்பதில்லை, மேற்பாகத்தில் வைக்கிறார்கள். ஒரு முனை சுவரில் பிடித்திருக்க, மறுமுனை கீழே இறங்கப் பார்க்கும். அப்போது விரிசல் மேற்பக்கத்தில்தான் விழும் என்பது கொத்தனாருக்குத் தெரியும். நாயின் கீழ்த்தாடையும் அவ்வாறே. பின்னே தசைகள் மேல்நோக்கி இழுக்கின்றன. முன்னே கடிபடும் உணவு கீழ்நோக்கி அழுத்துகிறது. பிளவு பல்விளிம்பில் திறக்கிறது. ஆகவே கட்டு பல்விளிம்பில் இருக்க வேண்டும். எலும்பின் அடி விளிம்பில் மட்டும் கம்பி கட்டினால் நாய் முதல் கவளத்தைக் கடித்ததும் மேலே பிளந்துகொள்ளும்.

பல்விளிம்பில் கட்டுவதற்குப் பற்களைவிடச் சிறந்த கொக்கி எது? முறிவின் இருபுறமும் உள்ள உறுதியான பற்களை மெல்லிய உருக்குக் கம்பியால் சுற்றி முறுக்கிப் பிணைக்கிறார்கள். பின்னர்ப் பற்களின் மேற்பரப்பை அமில ஜெல்லால் சற்றே சொரசொரப்பாக்கி, கழுவி, உலர்த்தி, பல் மருத்துவர்கள் தற்காலிகப் பல்லுறை செய்யப் பயன்படுத்தும் பிசினைக் கம்பியின் மேல் வார்க்கிறார்கள். சில நிமிடங்களில் அது கல்லாக இறுகிவிடும். பழைய அக்ரிலிக் பசை இறுகும்போது சூடேறிப் பல்லுக்கும் ஈறுக்கும் கேடு விளைவித்ததால், சூடு குறைந்த பிசின்களே இன்று விரும்பப்படுகின்றன. கீழ்த்தாடையின் கடைவாயில் இந்த வார்ப்பு நாக்குப் பக்கமாக அமைய வேண்டும். மேல்தாடையில் கன்னப் பக்கமாக. மாற்றி வைத்தால் வாய் மூடும்போது எதிர்வரிசைப் பல் அதில் இடிக்கும். கத்தியே படாமல், ஒரு துளையும் இடாமல், வேருக்கும் நரம்புக்கும் சேதமில்லாமல் முறிவு நின்றுவிடுகிறது. இம்முறையை எளியதென்று சொல்ல முடியாது. ஆயினும் பல்லுள்ள தாடைக்கு இதனினும் பொருத்தமான வழி இல்லையென்றே தோன்றுகிறது.

பல்லைக் கம்பியால் பிணைத்து நிறுத்தும் எண்ணம் மிகப் பழமையானது. முறிந்த தாடையின் பற்களைப் பொன்னிழையால் கட்டும் முறை பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே காணப்படுகிறது. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துக் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம்முடைய 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியில், ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பின்னிக் கட்டுவதை விவரிக்கிறார். வெள்ளி சில நாட்களில் களிம்பேறிக் கெடும், பொன் கெடாது என்பதும் அவர் கூறிய காரணம். அவர் எழுதியது மனிதருக்காக. இன்று நாயின் வாயில் பொன்னுக்குப் பதில் துருப்பிடிக்காத உருக்கு இருக்கிறது. பின்னும் வகை வெகுதூரம் மாறிவிடவில்லை.

மோவாய் இணைப்பு மட்டும் பிளந்திருந்தால் வேலை எளிது. இரு கோரைப்பற்களுக்குப் பின்னே ஒரு கம்பியைச் சுற்றி மோவாய்க்குக் கீழே கொணர்ந்து முறுக்கிவிட்டால் சில வாரங்களில் கூடிவிடும். மிகையாக முறுக்கினால் கோரைப்பற்கள் உட்புறம் சாய்ந்துவிடும் என்பது ஒன்றுதான் கவனிக்கத்தக்கது.

பல் விழுந்துபோன வாய்க்கும், எலும்பு பல துண்டுகளாக நொறுங்கிய தாடைக்கும் கம்பியும் பிசினும் போதா. அங்கே டைட்டானியத் தகடுகள் வருகின்றன. மனித முகத்துக்கென உருவாக்கப்பட்ட மிகச் சிறிய தகடுகளே இவை. 1970-களில் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மாக்சிம் ஷாம்பி என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும், தாடையில் இழுவிசை செல்லும் கோடுகளைக் கண்டறிந்து, அக்கோடுகளின்மேல் சிறு தகடு வைத்தாலே போதுமென்று மனிதச் சிகிச்சையில் நிலைநாட்டினர். அதே தத்துவம்தான் நாய்க்கும் வந்து சேர்ந்தது. திருகாணி ஒவ்வொன்றும் வேர்களுக்கு இடையில், நரம்புக் குழலைத் தொடாமல் செல்ல வேண்டும். துப்பாக்கிக் குண்டு பட்டும், சண்டையில் கடிபட்டும் எலும்பே சிதறிப்போன தாடைகளுக்கு, வெளியிலிருந்து ஊசிகளைச் செலுத்தி அவற்றை வெளியே ஒரு சட்டத்தால் இணைப்பதும் உண்டு.

முறிவுக் கோட்டில் நிற்கும் பல்லைப் பிடுங்குவதா, விடுவதா என்பதில் ஒருகாலத்தில் பெரும் கருத்து வேறுபாடு இருந்தது. உறுதியாக நிற்கும் நல்ல பல்லை விட்டுவைப்பதே இன்றைய வழக்கம். அதைப் பிடுங்கினால் முறிந்த எலும்பு மேலும் நொறுங்கும். கம்பி கட்டவும் பிடி இராது. ஈறு நோய் கண்டு ஆடும் பல்லையோ, வேர் முறிந்த பல்லையோ எடுத்துவிட வேண்டியதே. இன்றேல் சீழ் வைத்து எலும்பு கூடாது. ஈறு கிழிந்த தாடை முறிவெல்லாம் வாயின் அசுத்தத்துக்குத் திறந்த முறிவே. இருந்தும் அவற்றில் பெரும்பாலானவை ஆறிவிடுகின்றன; முகத்துக்கு இறைவன் வைத்திருக்கும் தாராளமான இரத்த ஓட்டம் அத்தகையது.

வீட்டார் செய்யவேண்டியவை

அடிபட்ட நாய், வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே கனத்த துணியால் போர்த்தித் தூக்க வேண்டும். முகத்தை இறுகக் கட்டலாகாது. மூக்கில் இரத்தம் உறைந்திருந்தால் அதற்கு வாய்தான் மூச்சுவழி. வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கொடுப்பது பெருந்தவறு. மனிதர் உட்கொள்ளும் ஐபுபுரூஃபன், நாயின் குடலில் புண்ணையும் சிறுநீரகத்தில் பழுதையும் விளைவிக்கும். மருத்துவர் எடை பார்த்துக் கொடுக்கும் மருந்தே உரியது.

சிகிச்சைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்கள் வீட்டாருடைய காலம். உணவு கூழாக இருக்க வேண்டும்: குழைந்த சோறு, எலும்பு நீக்கி மசித்த கோழி, முட்டை. வாயால் உண்ணவே இயலாத நாய்க்கு, கழுத்தின் இடப்பக்கத்தில் துளையிட்டு உணவுக் குழலுக்குள் ஒரு மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து வீட்டார் அஞ்சுகிறார்கள். நாயோ பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. வடிகட்டிய இளஞ்சூடான கூழை ஊசிக்குழலால் மெல்லச் செலுத்தி, முடிவில் சிறிது நீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். பிசின் வார்ப்பின் இடுக்குகளில் உணவு தங்கி நாறும். மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் நீரால் நாள்தோறும் கழுவிவிட வேண்டும். எலும்புத் துண்டு, பந்து, கயிற்றை இழுக்கும் விளையாட்டு யாவும் விலக்கப்பட்டவை. இரண்டாம் வாரத்திலேயே நாய்க்கு வலி மறந்துவிடும், எலும்பு கூடியிருக்காது. பிள்ளைகள் பரிதாபப்பட்டு மிட்டாயோ எலும்போ நீட்டுவதும் அப்போதுதான். மறு எக்ஸ்ரேயில் எலும்பு கூடியது தெரிந்தபின் மீண்டும் மயக்கம் கொடுத்து, வார்ப்பையும் கம்பியையும் வெட்டியெடுத்துப் பற்களை மெருகிடுகிறார்கள்.

கூடாத எலும்பு

எல்லாத் தாடையும் கூடிவிடுவதில்லை. முதிய சிறு நாயின் அரிக்கப்பட்ட எலும்பில் கம்பிக்கும் பிடியில்லை, திருகாணிக்கும் பிடியில்லை. அந்நிலையில் முறிந்த பகுதியை அறவே வெட்டி எடுத்துவிடுவதும் ஒரு சிகிச்சையே. ஒருபக்கத் தாடையை இழந்த நாயின் நாக்கு சற்றுத் தொங்கும். தாடை ஒருபுறம் சாயும். ஆனால், அது தானாக உண்ணும், ஓடும், குரைக்கும். "தாடை போய்விட்டது, ஊசி போட்டு முடித்துவிடுங்கள்" என்று கேட்போர், அத்தகைய நாயொன்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

வெட்டியெடுத்த இடத்தில் எலும்பைத் திரும்ப வளர்க்கும் முயற்சியும் 2010-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில் வெற்றி கண்டது. ஃபிராங்க் வெர்ஸ்ட்ரேட்டே, போவாஸ் அர்சி ஆகியோர் அதனை நடத்தினர். இழந்த எலும்பின் இடைவெளியை டைட்டானியத் தகட்டால் நிறுத்தி, எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் ஒருவகைப் புரதத்தில் ஊறிய பஞ்சு போன்ற பொருளை அங்கே வைத்துத் தைத்தார்கள். சில வாரங்களில் அங்கே புது எலும்பு தோன்றியது. புற்றுக்கட்டி எடுக்கப்பட்ட தாடைகளோடு, முறிந்து கூடாமல் எலும்பு கரைந்துபோன சிற்றின நாய்களின் தாடைகளும் இம்முறையால் சீர்பெற்றன. செலவு மிகுந்த சிகிச்சை; நம் பக்கத்தில் எளிதில் கிடைப்பதன்று.

அதே டேவிஸ் மருத்துவமனைக்கு 2012 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் நாட்டின் தென்கோடியிலுள்ள சாம்போங்கா நகரிலிருந்து ஒரு நாய் கொண்டுவரப்பட்டது. கபாங் என்பது அதன் பெயர். 2011 டிசம்பரில், சாலையைக் கடந்த இரு சிறுமியர்மீது மோதவிருந்த மோட்டார் சைக்கிளின் முன்னே அது பாய்ந்தது. சிறுமியர் பிழைத்தனர். சக்கரத்தில் சிக்கி நாயின் மூக்கும் மேல்தாடையும் பிய்ந்துபோயின. கம்பிக்கும் தகட்டுக்கும் அங்கே பிணைக்க எலும்பே இல்லை. முகம் முழுவதும் திறந்த புண்ணோடு அது பல மாதங்கள் உயிர்வாழ்ந்தது. பல நாடுகளைச் சேர்ந்தோர் பணம் திரட்டி அனுப்பினர்.

போய்ச் சேர்ந்த இடத்தில் உடனே அறுவை நடக்கவில்லை. இதயப் புழு நோயும், நாய்க்கு நாய் தொற்றும் ஒருவகைப் புற்றும் அதற்கு இருந்தமை தெரியவந்தது. அவற்றைக் குணப்படுத்தவே மாதங்கள் ஆயின. 2013-இல் அறுவை செய்தபோது, செயற்கை மூக்கும் தாடையும் வைக்கும் யோசனையை மருத்துவர்கள் கைவிட்டனர். அது நிலைக்காது என்பது அவர்கள் முடிவு. வெளியே தெரிந்த பல்வேர்களை மூடி, மூச்சு செல்ல மூக்கின் துளைகளைச் செப்பனிட்டு, தோலை இழுத்துப் புண்ணை அடைத்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு முகம் முகமாகவில்லை. நோய்க்கிருமி நுழையும் வாசல் மட்டும் அடைபட்டது. 2013 ஜூனில் கபாங் தன் ஊர் திரும்பியது. மேல்தாடை இல்லாமலேயே உண்டு, உறங்கி, 2021 வரை அங்கேயே வாழ்ந்தது.